மேட்டுக்காரி வேஷம்

அத்தியாயம் 11

போன வாரம் கத்தரி அக்கா கடையை மூடும் அவசரத்தில் ஒரு காரியம் செய்தாள். மறந்தவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் ஆண்டு விழாவுக்கு மாறுவேஷம் கேட்டு வந்த மானேஜரம்மாவுக்கு, கம்பியில் தொங்கிய ‘மேட்டுக்காரி’ சட்டை முதுகுப் பக்கம் பற்றவில்லை. அக்கா யோசிக்கவே இல்லை. அம்மாளைத் திரும்பி நிற்கச் சொல்லி, உடம்பில் இருந்தபடியே கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரே வெட்டு. அப்புறம் கழற்றி, இரண்டு ஓரத்திலும் ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ நாடா வைத்து மெஷினில் ஓட்டி, "இப்ப மூச்சு விட்டுப் பாருங்க" என்றாள்.

வேஷ உடை வாடகைக் கடையில் இதெல்லாம் சகஜம். அங்கே ராஜா, மந்திரி, போலீஸ், டாக்டர் எல்லாருமே முதுகு திறந்தவர்கள்தான். முன்னால் பார்த்தால் மகாராஜா, பின்னால் போய்ப் பார்த்தால் பனியன்.

அதனால் அக்கா அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள். இனிமேல் எப்போது தூங்குவாளோ தெரியாது.

இன்று காலை ஷட்டரைத் தூக்கி முடிக்கவில்லை, மானேஜரம்மா வந்து நின்றாள். கையில் துணிப்பை. முகம் கொள்ளாத சிரிப்பு.

"முதல் பரிசு எனக்குத்தான்! உங்க கைராசி, அக்கா!"

கல்லாவில் உட்கார்ந்திருந்த தம்பி எழுந்து வந்தான். அக்காவின் தம்பி. கடைக்குப் பாதி முதலாளி, சோம்பலுக்கு முழு முதலாளி. மானேஜரம்மா போனை எடுத்து நீட்ட, அக்காவும் தம்பியும் தலையை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். சுற்றி வைத்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்த தம்பி மனைவியும் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

அவளை வீட்டில் ‘புதுசு’ என்பார்கள். கல்யாணமாகி வந்த அன்று "புதுசு எங்கே, சாப்பிட்டுச்சா?" என்று யாரோ கேட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. அஞ்சு வருஷம் ஆகியும் அவள் புதுசுதான். ஊருக்கு வெளியே, பஸ் திணறித் திணறி ஏறுகிற மேட்டுப்பக்கத்துப் பெண். அங்கே பேச்சு வேறு, உடுப்பு வேறு. அங்கிருந்து இங்கே இறங்கி வருகிறவர்கள் ஆபீஸைக் கூட்ட வருவார்கள், ஆஸ்பத்திரியைத் துடைக்க வருவார்கள். வாழ வந்தவள் இவள் ஒருத்திதான்.

போனுக்குள் மானேஜரம்மா மேடையில் நின்றாள். மேட்டுப்பக்கத்துச் சட்டை, நீளமான சவுரி, கழுத்தில் பிளாஸ்டிக் மணி. முகத்தில் தன் நிறத்தைவிட இரண்டு மடங்கு கருப்பாக ஒரு பூச்சு. ஒரு கையில் வாளி, மறு கையில் துடைப்பம்.

"ஐயா, நான் வந்து... துடைக்கிறது... நீங்க வந்து... காலைத் தூக்குறது!"

சபை குலுங்கியது. தம்பியும் சிரித்தான். பின்னால் மனைவி நிற்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பைப் பாதியில் இருமலாக மாற்றினான். அக்காவுக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. இல்லையென்று சொல்ல முடியாது.

"அட, நீங்க அந்தப் பக்கமா?" என்றாள் மானேஜரம்மா புதுசைப் பார்த்து, தம்பி இருமிய காரணம் புரிந்ததும். "தெரியவே இல்லையே! பார்த்தா எங்க ஆளு மாதிரியே இருக்கீங்க. தப்பா எடுத்துக்காதீங்கம்மா, நான் மரியாதையாத்தான் பண்ணேன். எங்க ஆபீஸ்ல கூட்டுற அம்மாகூட முன் வரிசையில உட்கார்ந்து சிரிச்சாங்க."

"சிரிப்பாங்க" என்றாள் புதுசு. "நல்லா நடிச்சிருக்கீங்க."

மானேஜரம்மா சந்தோஷமாகப் போனாள். தம்பி உடனே கடைக்கு நூல் வாங்கக் கிளம்பினான். வீட்டில் பேச்சு வரும்போலத் தெரிந்தால் அவனுக்கு நூல் தீர்ந்துவிடும்.

புதுசு துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். "அண்ணி, ஜன்னல்ல நிக்குற பொம்மைக்கு இன்னைக்கு ஒருநாள் வேற ஏதாவது போடலாமா?"

தெருவைப் பார்த்த கண்ணாடி ஜன்னலில் ஒரு பொம்மை நிற்கும். தம்பி போன வாரம்தான் அதற்கு மேட்டுக்காரி வேஷத்தை மாட்டியிருந்தான்.

"ஏன், அதுக்கென்ன?"

"சாயங்கால பஸ்ல அம்மா வர்றாங்கல்ல."

கல்யாணம் மேட்டில் நடந்தது, அக்காவால் போக முடியவில்லை. அந்த அம்மாள் இந்த வீட்டுப் படி ஏறுவது இதுதான் முதல் தடவை. வாரா வாரம் போனில் பேசுவார்கள். பேசி முடித்ததும் புதுசு வந்து அம்மா சொன்னதையெல்லாம் நம் பேச்சில் மாற்றிச் சொல்வாள். ‘உங்க முழங்கால் வலி எப்படின்னு கேட்டாங்க, அண்ணி.’ ‘கண்ணு வலிக்க ராத்திரி தைக்க வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க, அண்ணி.’ பார்க்காத சம்பந்தியம்மாள் மேல் அக்காவுக்கு ஒரு பாசமே வந்துவிட்டது.

ஆனாலும் கைத்தொழிலைக் குறை சொன்னால் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"ஏன்டி, அழகா இருக்குன்னுதானே ஜன்னல்ல வச்சிருக்கோம்? ராஜா வேஷம்கூடத்தான் வச்சிருக்கோம். எந்த ராஜா வந்து கோவிச்சுக்கிட்டான்?"

"ராஜா யாரும் இந்தத் தெருவுல வேலை கேட்டு அலையலையே, அண்ணி."

"நீகூட எங்களை மாதிரி புடவை கட்டுறே. நாங்க ஏதாவது சொன்னோமா?"

"நான் புடவை கட்டினா யாரும் கைதட்டிச் சிரிக்கலையே." புதுசு மடிப்பதை நிறுத்தவில்லை. குரலும் உயரவில்லை. "எங்கம்மா முதல் முதல்ல இங்க வேலைக்கு வந்தப்போ இந்தச் சட்டையோடதான் வந்தாங்க. ஆபீஸ் வாசல்லயே நிறுத்தி, ‘நாளைக்கு வரும்போது ஒழுங்கா உடுத்திட்டு வா’ன்னு அனுப்பிட்டாங்க. அம்மா கடன் வாங்கின புடவையைக் கட்டிக்கிட்டுத்தான் அங்க தரை துடைச்சாங்க. அதே சட்டையைப் போட்டு, அதே தரையைத் துடைக்கிற மாதிரி நடிச்சு, இவங்க பரிசு வாங்கிட்டு வர்றாங்க. எனக்குப் பார்க்க ஒரு மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான்."

பதில் இல்லாதபோது மனிதர்கள் பிடித்துக்கொள்கிற அந்தப் பழைய கேள்வியை அக்காவும் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ நான் உன் சட்டையைப் பார்த்து இதைத் தைக்கிறேன்னு சொன்னப்போ, ஏன் சரின்னு சொன்னே?"

புதுசு நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க போட்டுக்கத் தைக்கிறீங்கன்னு நினைச்சேன், அண்ணி. எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு."

சொல்லிவிட்டுத் துணிக்கட்டோடு உள்ளே போய்விட்டாள். போகும்போது, "என் சட்டையைப் பக்கவாட்டுல பிரிச்சு லூசாக்கிக் கொடுக்கச் சொன்னேனே, மறந்துடாதீங்க. அதைப் போட்டுக்கிட்டுத்தான் அம்மாவைக் கூப்பிடப் போகணும்" என்றாள்.

நமக்கெல்லாம் மனசு சரியில்லாவிட்டால் படுத்துக்கொள்வோம். அக்காவுக்குக் கை ஓட வேண்டும். மானேஜரம்மா கொடுத்த பையைக் கவிழ்த்தாள். சவுரி விழுந்தது, மணி விழுந்தது, கடைசியில் சட்டை விழுந்தது. கழுத்துப் பட்டி முழுக்க அந்தக் கருப்புப் பூச்சு.

துவைக்கப் போடுமுன் எந்தத் துணியையும் உள்வெளியாகத் திருப்புவது அவள் பழக்கம். திருப்பினாள்.

உள்பக்கம், இடது நெஞ்சுக்கு நேராக, மஞ்சள் பூப்போட்ட துணியில் உள்ளங்கை அளவு ஒரு ஒட்டு.

‘நான் இதுக்கு உள்ள ஒட்டே வைக்கலையே’ என்றுதான் முதலில் நினைத்தாள்.

அப்புறம் அவள் பார்வை ஜன்னல் பக்கம் போனது. அவள் தைத்த ஒரே வாடகைச் சட்டை அங்கே பொம்மையின் மேல் சாவகாசமாக நின்றது. மெஷினுக்குப் பக்கத்துக் கம்பியைப் பார்த்தாள். பிரித்துக் கொடுப்பதற்காகப் புதுசின் சட்டையை மாட்டி வைத்த கம்பி அது. காலியாக இருந்தது.

அன்றைக்குத் தான் வெட்டியது எந்தச் சட்டையை என்று கத்தரி அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவள் தைத்த நகல் அவ்வளவு சுத்தம். அசலோ, புதுசின் அம்மா தரை துடைத்துவிட்டு வந்த களைப்போடு மகளுக்காகத் தைத்த சட்டை. கழுத்தில் நீல நூல் வேலை. முடிகிற இடத்தில் நீலம் தீர்ந்துபோய் நாலு விரல்கடை பச்சையில் முடித்திருந்தாள். அக்கா அந்தப் பச்சையைக்கூட விடவில்லை. வாடகைக்குப் போய்ப் போய் நகல் வெளுத்தது. வயதாகி வயதாகி அசல் வெளுத்தது. ‘எது எதுன்னு நீயே சொல்லு பார்ப்போம்’ என்று புதுசையே சீண்டியிருக்கிறாள் அக்கா. கடைசியில் அக்காவுக்கே தெரியாமல் போனது.

தம்பி நூலோடு வந்தபோது அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் தொங்கிப்போனது. ஆனால் அவன் முகம் எப்போதுமே சீக்கிரம் தேறிவிடும்.

"பொம்மையில இருக்கிறதைக் கழட்டிக் குடுத்துடு. உனக்கே தெரியலை, அவளுக்கா தெரியப்போகுது?"

"உள்ள அந்த ஒட்டு இருக்கேடா. அவ சின்னப் பிள்ளையில போட்ட கவுனாம் அது. ஒட்டு இல்லைன்னா உடனே தெரிஞ்சுடும்."

"பிரிச்சு இதுல தைச்சுடு. நீ தைச்சா யாருக்குக்கா தெரியும்? அவங்கம்மா வர்ற நாள். இன்னைக்குப் போய் இதைச் சொல்லி அவளை அழ வைக்கணுமா?"

நல்லது செய்கிற மாதிரியே இருந்தது. அதுதான் வினை. அக்காவுக்கு வேறு பயமும் இருந்தது. கட்டினவன் போய்ச் சேர்ந்து, பிள்ளை குட்டி இல்லாமல் தம்பி வீட்டோடு வந்து ஒட்டிக்கொண்டவள் அவள். அந்த வீட்டில் ‘சாப்பிட்டீங்களா’ என்று அவளைப் பார்த்துக் கேட்கிற ஒரே ஆள் புதுசு. அந்த ஒருத்தியும் முகத்தைத் திருப்பிக்கொண்டால்?

கத்தரி அக்கா மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று இத்தனை வாரமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், அவள் அதைச் செய்திருக்கக் கூடாது.

செய்தாள். பொம்மைக்குக் கோமாளி உடையை மாட்டினாள். அசலில் இருந்து மஞ்சள் ஒட்டை நூல் நூலாகப் பிரித்தாள். துணி நைந்திருந்ததால் ஊசி முனையால் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டியிருந்தது. நகலின் இடது நெஞ்சுக்குள் அதே தையல் ஓட்டைகளில் வைத்துத் தைத்தாள். பக்கவாட்டில் பிரித்து விட்டாள். இஸ்திரி போட்டாள். கிழிந்த அசலை மெஷின் பெட்டிக்குள் திணித்தாள்.

சாயங்காலம் புதுசு தலைவாரிக்கொண்டு வந்தாள். முதலில் ஜன்னலைத்தான் பார்த்தாள். பார்த்ததும் ஓடி வந்து அக்காவின் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"பொம்மையை மாத்திட்டீங்களா! காலையில நான் ஏதோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க, அண்ணி."

அக்கா அந்த நிமிஷம் வாயைத் திறந்திருக்கலாம். "போடி போடி, பஸ் வந்துடப்போகுது, போட்டுப் பாரு" என்றாள்.

புதுசு கண்ணாடி முன் நின்று சட்டையை எடுத்தாள். வலது கை உள்ளே போனது. இடது கையை விட்டாள். அக்குளில் பிடித்து நின்றது. இன்னொரு தடவை தோளை ஆட்டிப் பார்த்தாள். கை இறங்கியது, ஆனால் இறுக்கமாக, ஒட்டினாற்போல நின்றது.

கண்ணாடியில் அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது. சட்டையின் முன்பக்கத்தைத் திருப்பி மஞ்சள் ஒட்டைப் பார்த்தாள். அப்புறம் ஜன்னலில் நிற்கிற கோமாளியைப் பார்த்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லை, அண்ணி. இடது கை கொஞ்சம் பிடிக்குது. பழகிடும்."

வாசல் வரைக்கும் மெதுவாக நடந்தாள். படியில் நின்று திரும்பினாள்.

"போயிட்டு வரட்டுமா?"

"போயிட்டு வா."

"வேற ஒண்ணும் இல்லையே, அண்ணி?"

"ஒண்ணுமில்லை. நேரமாச்சு, கிளம்பு."

அவள் தெருமுனை திரும்பும் வரை பார்த்திருந்துவிட்டு, அக்கா மெஷின் பெட்டியிலிருந்து அசலை வெளியே எடுத்தாள். முதுகு வெட்டை எப்படியாவது இணைத்துவிடலாம் என்று ஓர் ஆசை. மேஜையில் விரித்து, தொழில் பழக்கத்தில் சட்டையை நடுவாக மடித்துக் கையோடு கை வைத்தாள்.

வைத்தவள் திகைத்தாள். இரண்டு கையும் ஒன்றாக இல்லை. இடது கை வலதைவிட அகலம். அக்குளில் கூடுதலாக ஒரு முக்கோணத் துண்டு.

தையல்காரிகள் யாரும் முழு உடம்புக்குப் பேட்டர்ன் வெட்டுவதில்லை. பாதி உடம்புக்குத்தான் காகிதம் வெட்டுவார்கள். துணியை மடித்துப் போட்டு அதை வைத்து வெட்டினால் மறுபாதி தானாக வந்துவிடும். நகல் எடுத்த அன்று அக்கா காகிதத்தில் வரைந்தது வலது பாதியை.

புதுசு சின்ன வயதில் விழுந்து இடது கையை முறித்துக்கொண்டவள். அந்தக் கை தோளுக்கு மேல் தூக்காது. அது அக்காவுக்குத் தெரியாதா? சமையலறை மேல்தட்டில் இருப்பதை அஞ்சு வருஷமாக எடுத்துக் கொடுப்பதே அக்காதானே! பச்சை நூலைப் பார்த்த கண், அந்தக் கையைப் பார்க்காமல் விட்டிருக்கிறது.

‘பழகிடும்.’

அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சட்டையை ஒரு பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"எங்கேக்கா?" என்றான் தம்பி.

"பஸ் ஸ்டாண்டுக்கு. நீயும் வா."

"கடையை யாரு பார்க்கிறது?"

"கோமாளி நிக்குதே, அது பார்த்துக்கும்." சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

முழங்கால் வலிக்காரி ஓடியும் ஓடாமலும் போய்ச் சேர்ந்தபோது மேட்டுப்பக்கத்து பஸ் வந்து நின்றிருந்தது. கடைசியாக ஒரு மெலிந்த அம்மாள் படியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். சட்டை இல்லை, மணி இல்லை. நூல் புடவை, அதுவும் முன்பக்கம் ஒரு சாண் தூக்கிக் கட்டியிருந்தது. இந்த ஊருக்கு வருவதற்காக அந்த அம்மாள் ‘ஒழுங்கா’ உடுத்தி வந்திருந்தாள்.

மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள், ஒரு கையால்தான். அம்மாளின் கை மகளின் முதுகைத் தடவி, தோளுக்கு வந்து, இடது அக்குளில் நின்றது. பக்கத்தில் வந்து நின்ற அக்காவுக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, நம் பேச்சிலேயே கேட்டாள்.

"கை ஏன் இறுக்குது?"

"உடம்பு போட்டுட்டேன்மா. அதான்" என்றாள் புதுசு. அப்புறம், "இவங்கதான் எங்க அண்ணி" என்றாள்.

அந்தப் பொய் தனக்காகச் சொல்லப்பட்டது என்று அக்காவுக்குப் புரிந்தது. அதற்கு மேல் தாங்கவில்லை.

"இல்ல, சம்பந்தியம்மா. அது நீங்க தைச்சது இல்லை. நான் தைச்சது. உங்களுது இதுல இருக்கு."

பையை நீட்டினாள். அந்த அம்மாள் சட்டையை எடுத்ததும் முதலில் உள்வெளியாகத் திருப்பினாள். ஒட்டு இருந்த இடத்தில் துணி கொஞ்சம் கருமையாக, ஊசி ஓட்டைகளோடு இருந்தது. முதுகு இரண்டாக விரிந்து தொங்கியது. வெல்க்ரோவின் சொரசொரப்பை விரலால் தடவிப் பார்த்தாள். கழுத்துப் பட்டியின் கருப்பை நகத்தால் சுரண்டினாள்.

"யாரு வெட்டினது?"

"நான்தான். வாடகைச் சட்டைன்னு நினைச்சு வெட்டிட்டேன். ஒருத்தங்க வேஷம் போட எடுத்துட்டுப் போனாங்க. தெரிஞ்ச பிறகும் சொல்லலை. ஒட்டைப் பிரிச்சு இதுல வச்சுத் தைச்சு, இவளை ஏமாத்தி அனுப்பிட்டேன்." நடுவில் எதையும் விடாமல் சொல்லிவிட்டு, புதுசின் பக்கம் திரும்பினாள். "எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுடி. மன்னிச்சுடு."

"எனக்குப் போட்ட உடனே தெரியும், அண்ணி."

"ஏன்டி சொல்லலை?"

"நீங்க சொல்வீங்கன்னு பார்த்தேன். வாசல் வரைக்கும் மெதுவாத்தான் நடந்தேன்."

அக்கா தலை குனிந்தாள்.

"வெட்டினது தெரியாம நடந்துச்சு, விடுங்க" என்றாள் புதுசு. காலையில் இருந்த அதே உயராத குரல்தான். "யாரோ ஒருத்தங்க மேடையில போட்டுக்கிட்டாங்க, அதையும் விடுங்க. இதை என் சட்டைன்னு சொல்லி எனக்கே போட்டு அனுப்பினீங்களே. எங்கம்மா முன்னாடி என்னையே மேட்டுக்காரி வேஷம் போட வச்சுட்டீங்களே, அண்ணி."

அந்த அம்மாள் கிழிந்த சட்டையை உதறி, மகளின் தோளில், அந்த நகலின் மேலேயே போர்த்தினாள். முதுகு வெட்டின இரண்டு ஓரத்தையும் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு மகளிடம் தங்கள் பேச்சில் ஏதோ சொன்னாள். நீளமாக ஒன்றுமில்லை, நாலைந்து வார்த்தைதான்.

பஸ் அதே மேட்டுக்குத் திரும்பத் தயாராக இருந்தது. கண்டக்டர் படியில் நின்று, "ஏறுறவங்க ஏறலாம்!" என்று கத்தினான்.

அக்கா வழக்கம்போலப் புதுசின் முகத்தைப் பார்த்தாள். அம்மா என்ன சொன்னாலும் மறுநிமிஷம் அதை நம் பேச்சில் மாற்றி அண்ணிக்குச் சொல்லிவிடுகிறவள் அவள். அஞ்சு வருஷத்தில் ஒரு வார்த்தையைக்கூட அவள் விட்டதில்லை.

இன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை.